போர்ப் படத்தைக் காதால் பார்ப்பது எப்படி?

சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஃபோலி வேலை செய்கிறேன். திரையில் நடப்பவரின் காலடி, துணிச் சரசரப்பு, பெல்ட் கிறீச்சிடுவது எல்லாம் எங்கள் கைவேலை. ஒரு போர்ப் படம் எதிரியையும் மனுஷனாக நினைக்கிறதா என்று தெரிய எனக்குக் கதை வேண்டாம். யாருக்கு என்ன சத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாலே போதும். இது யாருக்கும் பழகும்.

டிவி ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ஹெட்போன் போட்டு, தெரு அடங்கிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். (சென்னையில் டிசம்பர், ஜனவரி தவிர இது நடக்காது. ஃபேன் ஓடட்டும், வால்யூமைக் கூட்டுங்கள்.)

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். பிறகு சண்டைக் காட்சிக்கு மட்டும் திரும்பி வந்து, ஆட்கள் விழும் இடங்களைக் கேளுங்கள். நம்ம ஆள் விழுந்தால் மூச்சு வாங்கும், விரல் மண்ணைப் பிறாண்டும், அதற்குமேல் ஆர்.ஆரில், அதாவது பின்னணி இசையில், வயலின் வரும். எதிரி விழுந்தால் ஒரு ‘ஆ’. அதுவும் ஏற்கனவே பதிவு செய்து வைத்திருக்கும் சத்தங்களின் லைப்ரரியிலிருந்து எடுத்தது. பத்துப் பேர் ஒரே குரலில் சாவார்கள். அந்தப் படத்தில் எதிரிக்கு உடம்பே கிடையாது.

இதற்கு நேர்மாறானதைக் கேட்க, 1930இல் வந்த ‘ஆல் க்வயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ படத்தின் குழிக் காட்சிக்குப் போங்கள். ஜெர்மன் சிப்பாய் பால், குண்டு விழுந்த பள்ளத்தில் குதித்த பிரெஞ்சுக்காரனைக் குத்திவிடுகிறான். வெளியே தலை காட்ட முடியாது. தான் குத்தியவன் சாகும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். சட்டைப் பையில் மனைவி, குழந்தை படம் இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுக்காரனாக நடித்த ரேமண்ட் கிரிஃபித் மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர். குரல் கெட்டுப்போய், கரகரத்த கிசுகிசுப்புதான் அவருக்கு மிச்சம். பேசும் படம் வந்ததும் நடிப்பு வாழ்க்கை முடிந்தது. இந்தக் காட்சியில் அவருக்கு ஒரு வசனமும் இல்லை, ஆனாலும் மொத்தக் காட்சியும் அவருடையதுதான்.

‘இரண்டு பக்கமும் நல்லவங்க’ என்று எல்லோர் மேலும் சமமாக வயலின் பூசும் படங்கள் எனக்குப் பிடிக்காது. யார் படையெடுத்தது, யார் கொன்றது என்பதை மறைத்துவிட்டுக் கண்ணீர் வரவைப்பது சோம்பேறித்தனம். 2006இல் வந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ அப்படிச் செய்யவில்லை. காயம்பட்ட அமெரிக்கனுக்கு அவன் அம்மா எழுதிய கடிதத்தை ஜப்பானிய அதிகாரி தன் வீரர்களுக்குப் படித்துக் காட்டும் அதே படத்தில், கையில் சிக்கிய அமெரிக்கனை ஜப்பானியர்கள் குத்திக் கொல்கிறார்கள், சரணடைந்த ஜப்பானியர்களை அமெரிக்கர்கள் சுடுகிறார்கள்.

எந்தப் படமானாலும் அசல் மொழியில் பாருங்கள். டப்பிங்கில் கூட்டத்துச் சிப்பாய்கள் எல்லோருக்கும் நாலைந்து பேரே அவசரத்தில் கத்திவிட்டுப் போவார்கள். சோறு போடும் தொழிலைப் பற்றி நான் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.

ஒன்றே ஒன்று பார்ப்பதானால் ‘டாஸ் போட்’. 1981இல் வந்த ஜெர்மன் நீர்மூழ்கிப் படம். 1997இல் ஒலியைப் புதிதாகச் செய்து வெளியிட்ட 208 நிமிடப் பதிப்பைத் தேடுங்கள். தலைக்குமேல் குண்டு வெடிக்கும்போது ஜெர்மன்காரர்களோடு சேர்ந்து நீங்களும் மூச்சை அடக்குவீர்கள். பிறகு அவர்கள் தாக்கிய டேங்கர் எரியும். பிரிட்டிஷ் மாலுமிகள் தண்ணீரில் குதித்து, காப்பாற்றச் சொல்லிக் கத்துவார்கள். கேப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்வார். நீளமான படம், பாதியில் தூக்கம் வரலாம். அந்த டேங்கர் காட்சி முடியும்வரை மட்டும் நிறுத்தாதீர்கள்.