கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்ற மாதம் துறைமுக வாசலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். நான்கு பெரிய பெட்டிகளையும் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாகக் கைவீசி நடந்து வந்தார்கள். கூட வந்த பாட்டியின் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் பயணத்தில் நாங்களும் அப்படித்தான் நடந்து போனோம்.

பல் துலக்கியை மறக்காதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன்.

மருந்தைப் பெரிய பெட்டியில் வைப்பது

துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி உங்களோடு கப்பலில் ஏறுவதில்லை. அடையாளச் சீட்டு கட்டி, எக்ஸ்ரே சோதனை செய்து, தளவாரியாகப் பிரித்துத்தான் அறை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள். மதியம் ஏறியவருக்கு இரவு உணவு நேரத்தில் பெட்டி வருவது சாதாரணம்.

இது தெரியாமல் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்தேன். அதே பெட்டியில், சட்டை கசங்குமே என்று சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றையும் செருகினேன். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. அதனால் இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் எதையும் அறைக்குள் விடமாட்டார்கள். எக்ஸ்ரேயில் அது தெரிந்ததும் எங்கள் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

எட்டு மணிக்கு மற்ற பெட்டிகள் வந்தன. அது மட்டும் வரவில்லை. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாத்திரை நேரம் தாண்டிவிட்டதே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கப்பல் மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு மாத்திரைக்கும் ஆலோசனைக்கும் சேர்த்து அறைக் கணக்கில் ஏறிய தொகை, அவருடைய மூன்று மாத மருந்துச் செலவைவிட அதிகம். பத்தரை மணிக்குப் பாதுகாப்பு அலுவலகத்தில் கையெழுத்திட்டுப் பெட்டியை வாங்கினேன். பணம் போனதைவிட, அந்த இரண்டரை மணி நேரம் அப்பா பேசாமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

பாஸ்போர்ட், பயணச்சீட்டு, எல்லா மருந்துகள், மூக்குக்கண்ணாடி, சார்ஜர், நகை, ஒரு மாற்றுடை ஆகியவை தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் சோதனைச் சாவடியையே தாண்ட முடியாது. இன்சுலின் போடுபவர்கள் குளிர்பையோடு அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டியின் மகனிடம் போய்க் கேட்டேன். மருந்து பெரிய பெட்டியில்தான் இருந்தது. பெட்டிகள் இன்னும் வண்டியில் ஏறாததால் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

நீட்டிப்புப் பலகை

மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் வசதி (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள பல முனை மின்பலகையைப் பறிமுதல் செய்வார்கள். உங்கள் கப்பல் நிறுவனத்தின் தடைப்பட்டியலைப் படித்துவிட்டுச் சாதாரண அடாப்டர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

அலமாரியை நம்புவது

அறை சிறியது. துணியைப் பாதியாகக் குறையுங்கள். காலிப் பெட்டி பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். நான்கு காந்தக் கொக்கிகள் இருந்தால் ஈரத் துண்டு, தொப்பி, பை எல்லாம் தொங்கும்.

வாந்தி மாத்திரை

குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. புறப்படும் முன்பே, மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் அவை போய்விடும். மறுபடி துறைமுகக் கூடத்தில்தான் கிடைக்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளி அடைத்துவிட்டு, மறுநாள் காலை தூங்கும் உடையோடு இறங்கும் வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் உடுத்தும் உடையையும் செருப்பையும் முதலில் எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பிறகு பெட்டியை மூடுங்கள். அன்றிரவு போடவேண்டிய மாத்திரையும் அந்த நாற்காலியிலேயே இருக்கட்டும்.