கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்: அதிக உதிரப்போக்குக்கு உள்ள சிகிச்சைகள்

மாதவிடாய் ஏழு நாட்களைத் தாண்டி நீடித்தாலோ, பெரிய ரத்தக் கட்டிகள் வெளியேறினாலோ, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று பொறுத்துக்கொள்ளாமல் மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். தொடங்கிய தேதியையும் ஒவ்வொரு நாளும் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கையையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போவது நல்லது. மணிக்கொரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம்; பூப்பெய்திய நாள் முதலே அதிகமாகப் போகும் சிறுமிக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறை உண்டா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உதிரப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை ஹார்மோன் அல்ல. உதிரம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடுவதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் பொருந்தும். முன்பு கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வலியும் சேர்ந்திருந்தால் மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரை உதவும். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகே எடுக்க வேண்டும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்மிலாக்ஸிஃபீன் மாத்திரையை முதல் 12 வாரங்களுக்கு வாரம் இருமுறை கொடுப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம்.

மருந்துகளில் பலன் மிகுந்தது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரக்கும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் வளையம். காப்பர்-டி உதிரப்போக்கை அதிகரிக்கக்கூடும். இதுவோ உட்சவ்வை மெலிதாக்கிக் குறைக்கிறது, பல ஆண்டுகள் வேலை செய்கிறது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், பயந்துபோய் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஃபைப்ராய்டு எனப்படும், கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத கட்டி காரணமானால், இடத்தைப் பொறுத்து, கட்டியை மட்டும் அகற்றலாம். இனிக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு உட்சவ்வைச் சுட்டு அழிக்கும் முறை உண்டு. அதன்பின் கருவுறுவது ஆபத்து என்பதால் கருத்தடை அவசியம்.

கர்ப்பப்பையை எடுப்பது இவை பலிக்காதபோதோ, புற்றுநோய் போன்ற காரணம் உறுதியானபோதோதான். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘விட்டால் புற்றுநோயாகிவிடும்’ என்று மட்டும் சொல்லி அவசரப்படுத்தினால், திசுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். கையெழுத்திடும் முன், சூலகங்களையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா, ஏன் என்று கேளுங்கள். அவற்றை எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்து, எலும்பும் வேகமாகத் தேயத் தொடங்கும்.