கேல் இலையில் ஓட்டை

டொரன்டோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மே மாதக் கடைசியில் கேல் (kale) என்ற கீரையில் ஆறு கன்றுகள் நட்டேன். ஜூன் முடிவதற்குள் இலையெல்லாம் சல்லடை. நத்தையாக இருக்கும் என்று இரவில் டோர்ச் அடித்துத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் ஒரு காலை இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டேன்: நடுநரம்போடு ஒட்டிக்கொண்டு, இலையின் அதே பச்சையில், வெல்வெட் போல ஒரு புழு. பக்கத்தில் குறுணையை விடச் சின்னதாக மஞ்சள் முட்டை, குத்தென நின்றது. பகலில் செடியைச் சுற்றிப் பறக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி இட்டது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை புழுக்களைப் பொறுக்கி, முட்டைகளை விரலால் தேய்த்துவிட்டேன். இரண்டு வாரத்தில் செடி சுத்தமானது. பிறகு கம்பி வளைத்து நட்டு, மெல்லிய வலையால் மூடி, ஓரங்களில் கல் வைத்தேன். முட்டை இருக்கும்போதே மூடினால் புழு உள்ளேயே வளரும். அதனால் இந்த ஒழுங்கு முக்கியம். இலைக்காக வளர்ப்பதால் பூச்சி வந்து மகரந்தம் சேர்க்க வேண்டியதில்லை, வலை கிடக்கலாம்.

அடி இலைகளை மட்டும் காம்போடு கீழ்நோக்கி ஒடிப்பேன், குருத்தைத் தொடமாட்டேன். இலையுதிர் காலத்தில் உறைபனி விழுந்தபின் இலை இனிக்கும். அதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு அம்மா வைத்த வறை சட்டியோடு காலியானது.