பெடல் ஸ்டீல் கிட்டாரில் சங்கராபரணம் வரை: காரைக்குடியிலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

காரைக்குடி வீணைக்குப் பேர்போன ஊர். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் வாசித்த முறையை இன்றைக்கும் காரைக்குடி பாணி என்றுதான் சொல்கிறோம். இந்த ஊரில் இருந்துகொண்டு பெடல் ஸ்டீல் (படுக்கையாக வைத்து, உலோக உருளையைக் கம்பி மேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) பழகுகிறேன் என்றால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் சரளி வரிசை தெரிந்தவருக்கு இந்த வாத்தியம் அப்படி ஒன்றும் அந்நியமில்லை. அமெரிக்கப் பாடங்கள் பெரும்பாலும் கார்டிலிருந்து, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதிலிருந்து, தொடங்கும். நம் ஆட்கள் ஸ்வரத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி.

பக்கத்து வீட்டு ஆச்சி இதை முதலில் பார்த்தபோது, "என்ன தம்பி, தையல் மிஷினா?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. நான்கு கால், மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், முழங்கால் படும் இடத்தில் நான்கு லீவர். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பிகள் மட்டும் இழுபட்டு ஸ்ருதி ஏறும். வீணையில் விரலால் கம்பியை இழுத்துச் செய்வதை இங்கே கால் செய்கிறது.

வாங்கும்போது

நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இ9 ட்யூனிங் (கம்பிகளுக்கு ஸ்ருதி வைக்கும் ஒரு முறை), பத்துக் கம்பி, மூன்று பெடல், நான்கு லீவர் என்று கேளுங்கள். பன்னிரண்டு கம்பி, இரட்டைக் கழுத்து எல்லாம் இப்போது வேண்டாம். கூடவே உருளையான ஸ்டீல் பார், மீட்டுவதற்குக் கட்டைவிரலில் மாட்டும் பிளாஸ்டிக் தம்ப் பிக் ஒன்று, மற்ற விரல்களில் மாட்டும் உலோக ஃபிங்கர் பிக் இரண்டு, காலால் ஒலியளவை மாற்றும் வால்யூம் பெடல், ஆம்ப், ட்யூனர். மூன்றாம் கம்பி மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். இருப்பதிலேயே மெல்லிய கம்பி அதுதான், இழுபட்டு இழுபட்டு அடிக்கடி அறுவதும் அதுதான்.

உட்காரும் இடம்

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு என்றால் இதைக் கவனியுங்கள். அந்தத் தரை நடக்க நடக்க மெருகேறும். பெடலை அழுத்தும்போது கிட்டார் மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே போகும், கொஞ்ச நேரத்தில் நீங்கள் குனிந்து வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், பாய் போட்டால் பாயோடு சேர்ந்து வழுக்கும். பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டுக் கூடம்) வைத்து வாசித்தால் எதிரொலி தூக்கலாக இருக்கும். கேட்க சுகம்தான், ஆனால் பிசிறு எல்லாம் அதில் மறைந்துவிடும். பழகுவதற்குச் சின்ன அறையே மேல்.

கைப்பிடி இல்லாத இருக்கை வேண்டும். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கட்டும், சும்மா இருக்கும்போது முழங்கால் எந்த லீவரிலும் படக்கூடாது. இடது கால் பெடலுக்கு, வலது கால் வால்யூமுக்கு. வெறுங்காலில் மிதித்தால் பெடலின் விளிம்பு உறுத்தும். வீட்டுக்குள் செருப்பா என்று சண்டை வரும், அதற்கென்று ஒரு கேன்வாஸ் ஷூவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ருதி சேர்த்தல்

உங்களிடமிருந்து தூரத்தில் இருப்பது ஒன்றாம் கம்பி. ஒன்றிலிருந்து பத்து வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. இதை அப்படியே மனப்பாடம் செய்வது தலைவலி. இ-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ரி, நி, க, ச, ப, க, ரி, ச, நி, ப. இரண்டாம் கம்பியில் இருப்பது காகலி நிஷாதம், ஒன்பதில் இருப்பது கைசிகி. காந்தாரம் இரண்டும் அந்தரம்.

பெடலைத் தொடாமல் முதலில் பிருடைகளை (கம்பியை முறுக்கும் ஆணிகளை) திருகிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெடலாக அழுத்தி, ஏறிய ஸ்ருதியை வலது ஓரத்தில் இருக்கும் நைலான் நட்டுகளில் சரிசெய்யுங்கள். பெடல் ஸ்ருதி பிசகினால் பிருடையில் கை வைக்காதீர்கள், திறந்த கம்பியும் சேர்ந்து கெட்டுவிடும். காந்தாரக் கம்பிகளை ட்யூனர் காட்டுவதைவிடக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் ட்யூனரின் கணக்கைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழேதான் இருக்கிறது. அதைக் கேட்டுப் பழகிய காது இங்கே ரொம்பவே உதவும்.

பாரும் வலது கையும்

பாரின் மேல் ஆள்காட்டி விரல், பக்கங்களில் கட்டைவிரலும் நடுவிரலும். மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்கு இடப்புறம் கம்பிகளின் மேல் லேசாகப் படுத்திருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பி உறுமும். இங்கே ஃப்ரெட் என்பது வெறும் வரைந்த கோடு. கோட்டுக்கு நேர் மேலே பார் நிற்க வேண்டும், கம்பியை அழுத்தக்கூடாது.

வலது கைக்கு முக்கால்வாசி வேலை ஒலியை நிறுத்துவதுதான். ஐந்தாம் கம்பியைக் கட்டைவிரலாலும், நான்கை நடுவிரலாலும், ஆறு வேண்டும்போது கட்டைவிரலை அங்கே நகர்த்தியும் மீட்டுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் உள்ளங்கையின் ஓரம் கம்பியைத் தொட்டு முந்தைய ஒலியை அணைக்க வேண்டும். இது சலிப்பான வேலை. இதைத் தாண்டிப் போனவர்களின் வாசிப்பு குழைசாதம் மாதிரி இருக்கும்.

ஏ, பி பெடல்கள்

இங்கே ஏ, பி என்பவை பெடல்களின் பெயர்கள், ஸ்வரங்கள் இல்லை. இடது ஓரத்தில் இருப்பது ஏ பெடல். பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதமாக ஏற்றும். அடுத்த பி பெடல் காந்தாரத்தைச் சுத்த மத்தியமமாக ஏற்றும். பார் வைக்காமலே இதை மீட்டுங்கள்: எட்டாம் கம்பி ச, ஏழு ரி, ஆறு க, அதே ஆறில் பி பெடல் அழுத்தினால் ம, ஐந்து ப, ஐந்தில் ஏ பெடலோடு த, இரண்டாம் கம்பி நி, நான்கு மேல் ச. சங்கராபரணம் முழுவதும் வந்துவிட்டது, இடது கை அசையவே இல்லை. இனி பாரை மூன்றாம் கோட்டில் வைத்து இதையே வாசித்தால் ஜி ஸ்ருதியில் கேட்கும்.

இப்போது நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் சேர்த்து மீட்டி, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெடலையும் ஒரே பாதத்தால் மெதுவாக அழுத்துங்கள். ஷட்ஜமம் அப்படியே நிற்க, மற்ற இரண்டும் அதைச் சுற்றி ஏறும். 1954-இல் வெளிவந்த, அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் இப்படி ஒலிக்கும்போதே பெடலை மிதித்தார். அதன் பிறகு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஸ்டீல் வாசித்தவர்கள் பலரும் பெடல் மாட்ட ஆரம்பித்தார்கள்.

வால்யூம் பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தாமல் மீட்டுங்கள், ஒலி தேயத் தேய மெல்ல அழுத்திக் கொடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றி இறக்கினால் காற்றடிக்கும் பம்பு போலாகிவிடும்.

லீவருக்கு அவசரப்பட வேண்டாம். சங்கராபரணம் இறங்குமுகத்திலும் பிசிறில்லாமல் வரட்டும். அதற்குப் பிறகு இ கம்பிகளை (நான்கு, எட்டு) அரை ஸ்வரம் ஏற்றும் லீவரை எடுங்கள். அதை ஏ பெடலோடு சேர்த்து ஆறாம் கோட்டில் பிடித்தால் ஜி மேஜர் என்ற கார்டு கிடைக்கும். மூன்றாம் கோட்டில் பெடல் இல்லாமல் கிடைப்பதும், பத்தாம் கோட்டில் ஏ, பி இரண்டையும் அழுத்தினால் கிடைப்பதும் அதே ஜி மேஜர்தான். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே போய்வருவதை அடுத்த பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.