மக்களவைக் கேள்வி நேரத்தில் அமைச்சரைக் கேட்பது எப்படி: எதிர்க்கட்சி உறுப்பினருக்கான குறிப்புகள்

விவாதங்களில் ஓர் உறுப்பினருக்குக் கிடைக்கும் நேரத்தை அவருடைய கட்சியின் பலமே தீர்மானிக்கிறது. கேள்வி நேரத்தில் அந்தக் கணக்கு செல்லாது; ஒரே ஓர் உறுப்பினரைக் கொண்ட கட்சியைச் சேர்ந்தவரும், கேள்விகளின் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் பெயர் முன்னால் வந்துவிட்டால், மூத்த அமைச்சர் ஒருவரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க முடியும். கோபத்தைக் காட்ட வேறு விவாதங்கள் இருக்கின்றன. அரசு தானாக வெளியிட விரும்பாத ஒரு தகவலை அவைக் குறிப்பில் ஏற்றிவிடுவதற்கே இந்த ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

மக்களவையில் அமர்வு நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார், அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடப்படாத கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டுமே உண்டு. நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடப்படாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். அந்த இருபதில் முதல் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே பெரும்பாலான நாட்களில் அரிது என்பதால், எஞ்சியவற்றுக்கு எழுத்துப் பதிலே மிஞ்சும். கேள்வி கேட்கப்போவதாக எழுத்துமூல அறிவிப்பைக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குழு பதிலளிப்பதால், உங்கள் அமைச்சருக்கு உரிய நாள் எது என்பதைக் கூட்டத்தொடர் அட்டவணை வந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். தரவு மட்டும் தேவையென்றால் குறியிடப்படாத கேள்வியே போதும். அமைச்சரின் வாயிலிருந்து ஓர் உறுதிமொழி வேண்டும் என்னும்போது மட்டும் நட்சத்திரக் கேள்விக்கு முயலுங்கள்.

கேள்வியை எழுதுவதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அவை விதி 41இன்படி கேள்வியில் வாதமோ, ஊகமோ, ஏளனமோ, குற்றச்சாட்டோ இருக்கக் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் முன் உள்ள விஷயத்தைத் தொடக் கூடாது. கேள்வி பொதுவாக 150 சொற்களுக்கு மிகக் கூடாது. "இலங்கைக் கடற்படையின் அட்டூழியத்தை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?" என்று எழுதினால் அது அவைச் செயலகத்தைத் தாண்டாது. அதையே வேறு விதமாக எழுதலாம்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்ட தமிழக மீனவர்கள், ஆண்டு வாரியாக எத்தனை பேர், (ஆ) அவர்களில் விடுவிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், (இ) பறிமுதல் செய்யப்பட்ட படகுகளில் திருப்பி ஒப்படைக்கப்பட்டவை எத்தனை, (ஈ) எஞ்சிய படகுகளை மீட்க எந்தெந்தத் தேதிகளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? இப்போது நிராகரிக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆட்கள் ஊர் திரும்பியும் படகுகள் திரும்பாத இடைவெளியை (ஆ)வுக்கும் (இ)க்கும் வரும் எண்களே காட்டிவிடும்.

காவல், பொதுச் சுகாதாரம் போன்றவற்றில் நேரடியாகக் கேட்டால் "இது மாநில அரசின் பொறுப்பு" என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடும். அத்தகைய விஷயங்களில் ஒன்றிய அரசின் பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியில் நுழையுங்கள்: எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது. "தரவு பராமரிக்கப்படவில்லை" என்ற பதிலைக் கண்டு சோர்ந்துவிடவும் வேண்டாம். 2020 செப்டம்பரில், பொதுமுடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி மக்களவையில் கேட்டபோது தொழிலாளர் நல அமைச்சகம் அப்படித்தான் பதிலளித்தது. அந்தப் பதிலே மறுநாள் நாடெங்கும் பேசுபொருளானது. (அந்தக் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்தது, எழுத்துப் பதில்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.)

கேள்வி முதல் ஐந்துக்குள் வந்துவிட்டால், உண்மையான வேலை துணைக் கேள்விகளில் இருக்கிறது. முதன்மைப் பதில் அதிகாரிகள் பல நாட்கள் அமர்ந்து எழுதியது. துணைக் கேள்வி என்ன வரப்போகிறது என்பது அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது, அவர் தன் கோப்பையும் நினைவையும் மட்டுமே நம்பியாக வேண்டும். கேட்ட உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. அதன்பிறகு மற்றவர்களை அழைப்பது அவைத் தலைவரின் விருப்பம் என்பதால், சக உறுப்பினர்கள் இருவரிடம் தொடர்ச்சியை முன்பே ஒப்படைத்து வைப்பது நல்லது. பதிலின் நகல் அவை கூடும் முன்பே கைக்கு வந்துவிடும். அதில் கேட்டதற்குச் சொல்லாமல் விட்ட உட்பிரிவு எது என்று முதலில் தேடுங்கள், ஏனெனில் முதல் துணைக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். ஒரே மூச்சில் மூன்றைக் கேட்டால் அமைச்சர் அவற்றில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். முன்னுரை நீண்டால் அவைத் தலைவர் "கேள்விக்கு வாருங்கள்" என்பார். அந்தக் குறுக்கீட்டிலேயே கேள்வியின் கூர்மை போய்விடும். தமிழில் கேட்பவர்கள், உடனடி மொழிபெயர்ப்பில் எண்கள் நழுவிவிடாதபடி அவற்றை நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஒரு சாதாரணக் கேள்வி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு முந்த்ரா விவகாரம் இன்றும் நல்ல பாடம். அரசுக்குச் சொந்தமான ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது பற்றி 1957இல் மக்களவையில் எழுந்த கேள்விக்குத் தரப்பட்ட மழுப்பலான பதிலே மேலும் தோண்டத் தூண்டியது. நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பிறகு 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதை அவையில் விடாமல் துரத்திய பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதுதான் இதில் எதிர்க்கட்சியினருக்குச் சற்று உறுத்தலான செய்தி.

தொழில் நிறுவனங்களோ தரகர்களோ எழுதித் தரும் கேள்விகளைத் தொடாதீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் பதவி இழந்தனர்.

பதில் வந்த பிறகும் கோப்பை மூடிவிட வேண்டாம். "பரிசீலனையில் உள்ளது", "தகவல் சேகரிக்கப்படுகிறது" போன்ற சொற்கள் வெறும் சமாளிப்பாகத் தோன்றினாலும் அவை முறைப்படி உறுதிமொழிகளாகக் கொள்ளப்படுபவை. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியவை. அரசு உறுதிமொழிகள் குழு அவற்றைக் கண்காணிக்கிறது. எனவே அந்த மூன்று மாத முடிவை நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்றே குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள். பதிலில் மேலும் விளக்கம் தேவையென்றால் விதி 55இன்கீழ் அரை மணி நேர விவாதத்துக்கு அறிவிப்பு கொடுக்கலாம். அமைச்சர் சொன்னதில் தவறு இருப்பதற்கு ஆவணம் கையில் இருந்தால், அவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115இன்கீழ் அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். அவைத் தலைவர் அந்தக் கடிதத்தை அமைச்சருக்கு அனுப்பி விளக்கம் கேட்கலாம்.