பிக்கப் வண்டியில் கூடுதல் மீட்டர்: துளை போடும் முன் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது என்ஜின் என்ன பாடுபடுகிறது என்பதை வண்டியோடு வரும் மீட்டர்கள் முழுதாகக் காட்டுவதில்லை. அதனால்தான் டர்போ பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), எக்ஸாஸ்ட் சூடு, கியர்பாக்ஸ் ஆயில் சூடு என்று தனி மீட்டர் வாங்கிப் பொருத்துகிறோம். பொருத்துவது பெரிய வேலை இல்லை. எங்கே பொருத்துவது என்பதில்தான் நிதானம் வேண்டும், டாஷ்போர்டில் போட்ட ஓட்டை போட்டதுதான்.

படி 1: அந்த மீட்டரை எப்போது பார்ப்பீர்கள்?

இடத்தை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். எக்ஸாஸ்ட் சூடு, ஆக்சிலரேட்டரை அழுத்திய சில நொடிகளில் ஏறிவிடும். பூஸ்ட்டும் அப்படித்தான். இவை ரோட்டை விட்டுக் கண் விலகாத உயரத்தில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். அதையும் வோல்ட் மீட்டரையும் கீழே வைத்தாலும் குறையில்லை.

படி 2: ஏர்பேக் இருக்கும் இடங்களை ஒதுக்குங்கள்

ஸ்டீயரிங் நடுப்பகுதியும் பக்கத்து சீட்டுக்கு நேரே உள்ள டாஷ்போர்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் கவனிக்காதது, முன்கண்ணாடி ஓரத்துத் தூணான ஏ பில்லர். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரை ஓரமாக வந்து இந்தத் தூணின் உறைக்குப் பின்னாலும் இறங்கியிருக்கலாம். உறையில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், வண்டியின் கையேட்டையும் புரட்டுங்கள். இருந்தால் அந்தத் தூணில் ஸ்க்ரூ போடாதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டிகளும் உண்டு.

படி 3: மிச்சமுள்ள இடங்களை எடைபோடுங்கள்

ஏர்பேக் இல்லாத ஏ பில்லர் நல்ல இடம், கண் உயரத்திலேயே இருக்கும். ஆனால் திருப்பத்தில் நடந்து வரும் ஆளை மறைக்கிற அளவுக்கு, மீட்டரைத் தாங்கும் கூடு பெரிதாக வேண்டாம். டாஷ்போர்டின் மேல்பகுதியும் நன்றாகத் தெரியும், வெயில்தான் அதற்கு எதிரி. இரவில் மீட்டரின் வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் தொல்லையும் அங்கே உண்டு. ஏசி வென்ட்டுக்குள் உட்காரும் கூடு வாங்கினால் எதையும் வெட்ட வேண்டாம், அந்த ஒரு வென்ட்டின் காற்றுதான் குறையும். முதல் மீட்டருக்கு நான் சொல்வது இதைத்தான். கியர் லீவர் அருகே வைத்தால் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும். பூஸ்ட் மீட்டருக்கு அந்த இடம் ஆகாது.

படி 4: அட்டையில் ஒத்திகை

பெரும்பாலான மீட்டர்கள் 52 மி.மீ. விட்டம், சில 60 மி.மீ. அந்த அளவில் அட்டையை வட்டமாக வெட்டி, நினைத்த இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். அப்புறம் வழக்கம்போல உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் விளிம்போ உங்கள் கையோ மறைக்கிறதா? இரண்டு நாள் அப்படியே ஓட்டுங்கள். மீட்டர் கையில் இருந்தால் வண்டியை நிறுத்தி இருட்டில் எரியவிட்டும் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் போலராய்டு கூலிங் கிளாஸோடும் பார்த்துவிடுங்கள், சில திரைகள் அதில் கறுப்பாகிவிடும்.

படி 5: பின்பக்கமும் வயர் வழியும்

மீட்டரின் ஆழத்தோடு கனெக்டருக்கும் வயர் வளைவதற்கும் இடம் வேண்டும். வயர் பெடல், ஸ்டீயரிங் தண்டு பக்கம் போகக் கூடாது. என்ஜின் பக்கத்திலிருந்து வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எக்ஸாஸ்ட் சூட்டு மீட்டரின் சென்சார் வயரைச் சாதாரண செம்பு வயரால் நீட்டினால் அளவு தப்பும். அது எட்டும் தூரத்திலேயே இடம் பாருங்கள். ஆயில் பிரஷருக்கும் ஃபியூயல் பிரஷருக்கும் எலெக்ட்ரிக் சென்சார் உள்ள மீட்டரையே வாங்குங்கள். கொதிக்கும் ஆயிலோ எரிபொருளோ ஓடும் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரவே கூடாது.

கடைசியாக, முள் மீட்டரை இறுக்கும் முன் கூட்டுக்குள் கொஞ்சம் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கும்போது முள் நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். அப்புறம் எண்ணைப் படிக்க வேண்டாம், முள் சாய்ந்தாலே கண்ணில் பட்டுவிடும்.