பத்து மீட்டருக்கு ஏர் ரைஃபிளும் ஸ்கோப்பும்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்துக்கு ஒரு தந்தை தம் மகளுடன் வந்து, பாலித்தீன் உறை கூடப் பிரிக்காத ஒரு ஸ்கோப்பையும் (குறி பார்க்கத் துப்பாக்கி மேல் பூட்டும் தொலைநோக்கி) புதிய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளையும் மேசையில் எடுத்து வைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மேசையில் நான் வைத்ததும் ஏறக்குறைய இவையேதான். குழலை யார் பக்கமும் திருப்பக் கூடாது, முறை வரும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பனவற்றைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடையில் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

போட்டிக்கா, பொழுதுபோக்குக்கா?

அந்தத் தந்தையிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். "மாநிலப் போட்டிக்குத்தான் சார்" என்றார். பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. பின்னால் ஒரு சிறு துளையும் முன்னால் ஒரு வளையமும் கொண்ட பீப் சைட் வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். 2008இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் சுட்டதும் அந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான். போட்டிதான் நோக்கம் என்றால் ஸ்கோப்புக்கு ஒதுக்கிய தொகையை நல்ல பீப் சைட்டில் போடுங்கள். மன்றத்தின் நட்புப் பந்தயங்களிலும் வீட்டுக் கூடத்திலும் தாளில் புள்ளி வைத்துச் சுட்டு மகிழ்பவர்களுக்கே இனி ஸ்கோப்பைப் பற்றிச் சொல்பவை.

நூறு கஜ ஸ்கோப்பைப் பத்து மீட்டருக்குப் பூட்டுவது

இந்த ஒரு தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் இதற்காக நான் ஓராண்டையும் ஒரு மூக்குக் கண்ணாடியையும் இழந்தேன். மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ் கொண்ட ஒரு ஸ்கோப்பை, "துல்லியத்துக்கு இதை அடிச்சுக்க வேறொண்ணு இல்ல தம்பி" என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கினேன். ஒன்பது மடங்கில் வைத்தால் இலக்குத் தாள் மார்கழி விடியலைப் போல மங்கித் தெரிந்தது. மூன்று மடங்கில் தெளிவாகத் தெரிந்தாலும் குண்டுகள் தாள் முழுவதும் சிதறின. முதலில் பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் அந்தச் சிறு குண்டை, சந்தேகித்து நான்கு வகை டப்பாக்களை வாங்கிப் பார்த்தேன். பிறகு கண்ணைச் சந்தேகித்துக் கண்ணாடியை மாற்றினேன். கடைசியில் துப்பாக்கியைச் சந்தேகித்துப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தேன்.

கூடத்தில் இருந்த ஒரு மூத்தவர்தான் ரைஃபிளை இரண்டு மணல் பைகளின் மேல் கிடத்தி, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைத் தாளின் நடுவில் நிறுத்திவிட்டு, "கையை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள்" என்றார். துப்பாக்கி இம்மியும் அசையவில்லை. ஆனால் குறுக்குக் கம்பி நடுப்புள்ளியிலிருந்து ஊர்ந்து, கறுப்பு வட்டத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. பள்ளி இயற்பியலில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது.

எந்தத் தூரத்தில் குறுக்குக் கம்பியும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழுமோ, அந்தத் தூரத்தில் மட்டுமே இந்தப் பிழை இருக்காது. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டு வருகின்றன. 40 மில்லிமீட்டர் லென்ஸுடன் அதை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு நகரும்போது குறி 18 மில்லிமீட்டர் வரை விலகக் கூடும். பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்பதையும், 18 மில்லிமீட்டர் விலகிய குண்டு மூன்றாம் வளையத்தில் விழும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான் ஏன் ஓராண்டு பெல்லட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பது விளங்கும். பெட்டியில் மடங்கு எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். இந்தத் தூரத்தைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள், அல்லது போடுவதே இல்லை.

ஆகவே முன்லென்ஸைச் சுற்றியோ பக்கவாட்டிலோ தூரத்தைத் திருத்தும் வளையம் உள்ள ஸ்கோப்பையே கேளுங்கள். அந்த வளையத்தின் மிகக் குறைந்த எண் 10 கஜமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்க வேண்டும். 10 மீட்டர் என்பது ஏறக்குறைய 11 கஜம். 15 கஜத்தில் நின்றுவிடும் ஸ்கோப் விலை குறைவு என்பதற்காக அதை எடுக்காதீர்கள். கடையிலேயே பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தை ஒட்டச் சொல்லி, அந்தத் தலையாட்டல் சோதனையைச் செய்துபாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், முன்லென்ஸுக்கு நடுவில் 12 மில்லிமீட்டர் துளையிட்ட ஓர் அட்டை மூடி போட்டுப் பார்க்கலாம். பிழை 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், மங்கலும் குறையும். வெளிச்சம் குறைவதால் இலக்கின் மேல் விளக்கு நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் எந்த ஸ்கோப்பும் தாங்கும் என்று நம்புவது

தாங்காது. சுடும்போது ஸ்பிரிங் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்குமாக இருமுறை உதைக்கும். பின்னுதையை மட்டும் எண்ணிச் செய்த ஸ்கோப்பின் உள்ளே லென்ஸ் கழன்றுவிடும்.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

நொடிக்கு 300 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டி விற்பார்கள். ஒலிம்பிக் தரத்து ரைஃபிள்களோ அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் தள்ளுகின்றன. ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல். பத்து மீட்டரில் அதற்கு மேல் கிடைக்கும் வேகம் உதையாகவும் ஓசையாகவும்தான் திரும்பி வரும். தவிர, நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினாலோ குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் எடுக்க வேண்டும்.

மவுண்ட்டைக் கடைசியில் யோசிப்பது

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் பிடிதான் மவுண்ட். அது உட்காரும் மேல்பள்ளம் பெரும்பாலான ஏர் ரைஃபிள்களில் 11 மில்லிமீட்டர். அளந்த பிறகு வாங்குங்கள்.

பழைய சிலிண்டர்

காற்று நிரப்பும் வகைத் துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் குழலையும் கட்டையையும் தடவிப் பார்க்கிறார்களே தவிர, சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்ப்பதில்லை. 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுகளே ஆயுள் குறிக்கிறார்கள். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்த ரைஃபிளில் அந்தத் தேதி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய சிலிண்டருக்குக் கொடுத்ததையும் கூட்டினால் மலிவு எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

கூர்முனை பெல்லட்

தாளைக் கிழிக்கும். தட்டைத் தலை பெல்லட் வட்டமாகத் துளையிடும். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்ற தலை அளவுகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, மணல் பையில் வைத்து அளவுக்குப் பத்துக் குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே மொத்தமாக வாங்குங்கள்.